நாமே செய்துகொள்வோம்: சங்கிலி ரம்பமும் மூன்று திருகுகளும்

சென்ற இதழில் மேஜை மின்விசிறியின் கண்டென்ஸரை மாற்றும் முறையை எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், நம் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கும் சங்கிலி ரம்பத்தைப் பற்றியும், முக்கியமாக அதன் கார்புரேட்டரைச் சீர்செய்யும் முறையைப் பற்றியும் எழுதும்படி கேட்டார். அவர் நல்ல எண்ணத்துடன்தான் கேட்டார். ஆயினும் அக்கேள்வி என் நெஞ்சில் சற்றுத் தைத்தது. ஏனெனில் அந்த ரம்பத்தை ஒருமுறை கெடுத்தவன் நானே. கெடுத்த விதத்தை மறைத்துவிட்டுத் திருத்தும் விதத்தை மட்டும் உபதேசிப்பது நேர்மையாகாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி ஆம்பன் புயல் வங்காளக் கரையைத் தாக்கியதும், கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஊரடங்குக் காலம் வேறு. மரங்களை அகற்ற மே 23ஆம் தேதி இராணுவத்தினரே நகருக்குள் வரவேண்டியிருந்தது. நம் சந்துக்கு உதவி வந்துசேரப் பல நாட்கள் ஆயின. அந்த அனுபவத்திற்குப் பின்னரே சங்கத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, கடைக்காரர்கள் ‘செயின் சா’ என்று சொல்லும் பெட்ரோல் ரம்பம் ஒன்றை வாங்கினார்கள். அதைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ரயில்வேயில் உத்தியோகம் என்றால் எஞ்சின் தெரிந்திருக்கும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. நான் அன்றாடம் கையாள்வதோ சம்பளப் பட்டியலும் விடுப்புப் பதிவேடும்தான்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். விசையை முழுதும் அழுத்தியபோது எஞ்சின் ஒரே சீராகப் பாடாமல், இடையிடையே ‘பட பட’வென்று கரகரத்தது. அதைக் கோளாறு என்று நான் முடிவுசெய்தேன். கார்புரேட்டரில் H என்று பொறித்த திருகைச் சிறிது சிறிதாக உள்ளே திருகினேன். கரகரப்பு மறைந்தது, எஞ்சின் வீணையின் மேல்ஸ்தாயிபோலக் கூர்மையாகப் பாடிற்று. பக்கத்து வீட்டாரும் வந்து கேட்டுப் பாராட்டினார்கள். பெருமையுடன் துடைத்து உள்ளே வைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, சித்திரை மாதத்தில் ஒரு மாலை, இவ்வூரார் ‘கால்பைசாகி’ என்று அழைக்கும் கோடைப் புயல் அடித்தது. சந்தின் வாயிலில் இருந்த குல்மொஹர் மரத்தின் பெருங்கிளை முறிந்து வழியை அடைத்துக்கொண்டது. அதே இரவு நம் சங்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டது. ஆம்புலன்ஸ் கிளைக்கு அப்பால் நின்றுவிட்டது. நான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். உடனே கிளம்பிற்று. சிறு கொம்புகளை வெட்டினேன். பருத்த பகுதியில் பட்டையை இறக்கினேன். ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் அழகாகப் பாடிக்கொண்டே அறுத்த ரம்பம், திடீரென்று கிறீச்சிட்டு நின்றது. கயிற்றை இழுத்தேன், அசையவில்லை. பெரியவரின் துணைவியார் குடையின் கீழ் நின்று, “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அக்கம்பக்கத்து வங்காளி இளைஞர்கள் கோடரியும் கைரம்பமும் கொண்டுவந்து வழி செய்தார்கள். முக்கால் மணி நேரம் சென்ற பிறகே பெரியவரைக் கொண்டுபோக முடிந்தது. இறைவன் அருளால் அவர் பிழைத்தார். ரம்பம் பிழைக்கவில்லை.

பட்டறைக்காரர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனின் மேல் நீளநீளமாக விழுந்திருந்த கீறல்களைக் காட்டினார். “எண்ணெய் போதாமல் எரிந்திருக்கிறது. இந்தத் திருகை யார் தொட்டார்கள், தாதா?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

பாட்டும் கரகரப்பும்

சங்கிலி ரம்பத்தின் எஞ்சின் பெரும்பாலும் இரண்டு வீச்சு எஞ்சின். நம் தந்தையர் ஓட்டிய பழைய ஸ்கூட்டர்களின் இனம் அது. அதற்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்து ஊற்றும் எண்ணெய்தான் பிஸ்டனையும் தாங்கிகளையும் வழுவழுப்பாக வைக்கிறது. ஆகவே பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் குறைகிறது. அதே சமயம் காற்று மிகுந்த கலவை அதிக வெப்பத்துடன் எரிகிறது. வேகமும் அளவு மீறுகிறது. வெப்பம் கூடி, எண்ணெய் குறைந்து, வேகமும் மிகுந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

நான் கோளாறு என்று நினைத்த அந்தக் கரகரப்பு உண்மையில் ஆரோக்கியத்தின் அடையாளம். பாரம் இல்லாமல் முழு விசையில் ஓடும்போது பெட்ரோல் சற்று மிகுதியாக இருப்பதால் அவ்வொலி எழுகிறது. பட்டை மரத்தில் இறங்கிப் பாரம் ஏறியவுடன் அது மறைந்து, எஞ்சின் தெளிவாக ஓடும். மரத்தை விட்டு எடுத்தால் மீண்டும் கரகரக்கும். வெறுமையாக ஓடும்போதே இனிமையாகப் பாடும் ரம்பம், மரத்தில் இறங்கும்போது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அன்பர்கள் இதை வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மிதவை இல்லாத கார்புரேட்டர்

என் தந்தையாரின் ஸ்கூட்டர் காலையில் கிளம்ப மறுத்தால், அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பிறகு உதைப்பார். அதன் கார்புரேட்டரில் ஒரு கிண்ணமும், அதில் மிதவையும் இருந்தன. சாய்த்தால் பெட்ரோல் சற்று மிகுதியாக இறங்கும். சங்கிலி ரம்பத்திற்கு இந்த வைத்தியம் பலிக்காது. மரம் அறுப்பவர் அதைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்கவேண்டியிருப்பதால், மிதவைக்கு அங்கே வேலை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. ஒரு பக்கத்துச் சவ்வு, எஞ்சினின் அடிப்பெட்டியில் மாறிமாறி எழும் அழுத்தத்தால் துடித்து, தொட்டியிலிருந்து பெட்ரோலை இறைக்கிறது. மறுபக்கத்துச் சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி, ஊசி வால்வைத் திறந்து, வேண்டிய அளவு பெட்ரோலை உள்ளே விடுகிறது. இவ்விரண்டு சவ்வுகளும் மிருதுவாக இருக்கும்வரை ரம்பத்திற்கு மூச்சு உண்டு. அவை விறைத்துப்போனால் எத்தனை திருகினாலும் பயன் இல்லை.

திருகைத் தொடுவதற்கு முன்

ரம்பம் சரியாக ஓடவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை குற்றம் திருகில் இராது என்பது என் அனுபவம். ஆகவே பின்வருவனவற்றை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, பெட்ரோல். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிய கலவையை ஊற்றுங்கள். எண்ணெயின் அளவு கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். 50க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. குத்துமதிப்பு ஆகாது, மருந்து அளக்கும் குவளையை உபயோகியுங்கள். இரண்டாவது, காற்று வடிகட்டி. அதில் மரத்தூள் அடைந்திருந்தால் தட்டி, சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். மூன்றாவது, தொட்டிக்குள் ரப்பர்க் குழாயின் நுனியில் தொங்கும் பெட்ரோல் வடிகட்டி. அதைக் கம்பிக் கொக்கியால் மெதுவாக வெளியே இழுத்துப் பார்க்கலாம். கறுத்திருந்தால் மாற்றிவிடுவதே மேல். நான்காவது, தொட்டியின் காற்றுத் துவாரம். ரம்பம் சில நிமிடங்கள் ஓடி நின்று, மூடியைத் தளர்த்தியவுடன் மீண்டும் ஓடினால் துவாரம் அடைபட்டிருக்கிறது என்று கொள்க. ஐந்தாவது, ஸ்பார்க் பிளக். அதன் முனை பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் எல்லாம் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கறுத்து ஈரமாக இருந்தால் மிகுதி. கடைசியாக, விசையை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் தணியாமல் ஏறியும் இறங்கியும் ஓடினால், எங்கோ காற்றுக் கசிவு இருக்கக்கூடும். அந்த ரம்பத்தின் திருகைத் தொடாமல் பட்டறைக்கு அனுப்புங்கள்.

மூன்று திருகுகள்

கையால் திருத்தக்கூடிய கார்புரேட்டர்களில் மூன்று திருகுகள் உண்டு. L என்பது தாழ்ந்த வேகத்திற்கும், H என்பது முழு வேகத்திற்கும் பெட்ரோலின் அளவை வகுப்பவை. இவ்விரண்டையும் வலப்புறம் திருகினால் பெட்ரோல் குறையும். இடப்புறம் திருகினால் கூடும். மூன்றாவது, LA அல்லது T என்று குறித்திருக்கும். அது பெட்ரோலை மாற்றுவதில்லை. விசையை விட்டிருக்கும்போது எஞ்சின் ஓடவேண்டிய வேகத்தை மட்டும் வகுக்கிறது. சில புதிய ரம்பங்களில் திருகுகளின்மேல் அளவுக்கு மீறித் திருப்ப விடாத மூடிகள் இருக்கும்; அவற்றைப் பிடுங்க வேண்டாம். கலவையைத் தானே அளந்துகொள்ளும் கார்புரேட்டர்களும் வந்துவிட்டன. அவற்றில் நமக்கு வேலை இல்லை.

வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள். தாழ்வாரத்திலோ மூடிய அறையிலோ எஞ்சினை ஓட்டினால் புகையில் உள்ள நஞ்சு உயிருக்கு ஆபத்து. சமையலறையும் பூஜை விளக்கும் அருகில் இருக்கலாகாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். கண்ணாடி, காதடைப்பு, கால் மூடும் செருப்பு மூன்றும் வேண்டும். பட்டையையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டாதீர்கள். ரம்பத்தைத் தரையில் அழுத்திப் பிடித்து, சங்கிலித் தடையைப் போட்டுக்கொண்டே கயிற்றை இழுக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பின் தடையை எடுத்துவிட வேண்டும். தடை இருக்கையில் விசையை முழுதும் அழுத்தினால் கிளட்ச் எரியும்.

முதலில், எஞ்சின் நின்றிருக்கும்போதே L, H இரண்டும் இப்பொழுது எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் வலப்புறமாக மெதுவாகத் திருகி, அடியில் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, நோட்டில் எழுதுங்கள். அடியைத் தொட்டவுடன் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனையும் அதன் இருக்கையும் கெட்டுவிடும். பிறகு கையேட்டில் சொன்ன தொடக்க நிலைக்கு வெளியே திருப்புங்கள். பல ரம்பங்களுக்கு அது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று.

எஞ்சினைக் கிளப்பி, ஒரு கட்டையை அறுத்துச் சில நிமிடங்கள் சூடேற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினில் செய்த திருத்தம் சூடேறியதும் பொய்யாகிவிடும். பின் L திருகை இருபுறமும் மெல்லத் திருப்பி, எஞ்சின் அதிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்புறமாக அரைக்கால் முதல் கால் சுற்று வரை திருப்பிவிடுங்கள். விசையை அழுத்தினால் எஞ்சின் தயங்காமல் எழ வேண்டும். திணறினால் இன்னும் சிறிது இடப்புறம் திருப்புங்கள். புகைந்துகொண்டே சோம்பலாக எழுந்தால் சிறிது வலப்புறம்.

இனி H. இதைத்தான் நான் கெடுத்தேன். பெட்ரோல் மிகுந்த பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். விசையைச் சில விநாடிகள் மட்டும் முழுதும் அழுத்திக் கேளுங்கள், நன்றாகக் கரகரக்கும். விசையை விட்டு, அரைக்கால் சுற்று வலப்புறம் திருப்பி, மறுபடியும் கேளுங்கள். கரகரப்பு குறைந்துகொண்டே வரும். அது முழுதும் மறைவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். பிறகு மரத்தில் இறக்கிச் சோதியுங்கள். மரத்தில் தெளிவும், வெறுமையில் கரகரப்பும் இருந்தால் திருத்தம் சரி. பல ரம்பங்களுக்கு முழு வேகம் நிமிடத்திற்கு 12,000 முதல் 14,000 சுற்று வரை என்று வரம்பு இருக்கும். வேகமானி கிடைத்தால் காதை நம்பாமல் அதை நம்புங்கள். சந்தேகம் வந்தால் இடப்புறம் திருப்புங்கள். பெட்ரோல் மிகுந்தால் புகையும், பிளக் கறுக்கும், அவ்வளவே நஷ்டம். குறைந்தால் எஞ்சினே போகும்.

கடைசியில் LA. விசையை விட்டால் எஞ்சின் அணையக் கூடாது. சங்கிலியும் நகரக் கூடாது. அணைந்தால் வலப்புறம், சங்கிலி நகர்ந்தால் இடப்புறம். எப்படித் திருப்பியும் சங்கிலி நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த ரம்பத்தை யாரும் தொடவேண்டாம். கிளட்ச் பார்க்கப்பட வேண்டும்.

பிரித்துச் சுத்தம் செய்தல்

நம் ரம்பம் இரண்டாம் முறை மக்கர் செய்தது பிஸ்டன் மாற்றிய மறுவருடம். பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காலி செய்யாமல் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்ரோல் வார்னிஷ்போலப் பிசுபிசுத்து, ரம்பம் கிளம்பவில்லை. இம்முறை திருகைத் தொடவில்லை. பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரை வெளியே எடுத்தேன்.

வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் பிரியுங்கள். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறைக்கும் சவ்வின் பக்கத்து மூடியைத் திறந்தால், மிளகளவான வலைத்தட்டு ஒன்று தெரியும். தொட்டி வடிகட்டியைத் தாண்டி வந்த குப்பையெல்லாம் அங்கேதான் தங்கும். மறுபக்கத்தில் நெம்புகோலும் ஊசி வால்வும் சிறு சுருள்வில்லும் இருக்கும். சுருள்வில் துள்ளி ஓடிவிடும், ஜாக்கிரதை. நெம்புகோலை வளைக்கக் கூடாது. திருகுகளை எண்ணிக் கழற்றி, கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தைத் துவாரங்களில் பீய்ச்சி, உலரவிடுங்கள். நம் வீட்டில் பழைய பம்ப் ஸ்டவ்வைப் பின்னால் குத்திப் பழகியவர்கள் இங்கே அப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கம்பி பட்டால் நுண்துவாரத்தின் அளவே மாறிவிடும். பலத்த காற்றுக் குழாயும் வேண்டாம்.

சவ்வுகள் தொட்டால் துணிபோல் மிருதுவாக இருக்க வேண்டும். பொரிக்காத அப்பளம்போல் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சவ்வு, அட்டை வளையம், ஊசி ஆகியவை சேர்ந்த பை கடைகளில் கிடைக்கும். கார்புரேட்டரின் மேல் உள்ள எண்ணைக் காட்டி வாங்குங்கள். மாட்டும்போது வரிசை மாறுவது பலரும் செய்யும் தவறு. சாதாரணமாக, நெம்புகோல் பக்கத்தில் முதலில் அட்டை வளையம், அதன்மேல் சவ்வு, பிறகு மூடி. இறைக்கும் பக்கத்தில் முதலில் சவ்வு, அதன்மேல் அட்டை வளையம், பிறகு மூடி. நீங்கள் எடுத்த படத்துடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு நோட்டில் குறித்த சுற்றுக்கே திருகுகளைக் கொண்டுவாருங்கள்.

வைத்துவிடும்போது

இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதை மறந்துவிடலாகாது. 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு, 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காடாயிற்று. கையால் திருத்தும் கார்புரேட்டர் உள்ள ரம்பங்களுக்குப் பல கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது. இவ்வூர் மழைக்காலத்தில் கேட்கவேண்டியதில்லை. ஈரம் மிகுந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எண்ணெயோ மேலே பெட்ரோலுடன் நிற்கும். வடிகட்டி உறிஞ்சுவது அடியில் உள்ளதை! மேலும், எத்தனால் மிகுந்தால் அதே திருகு நிலையில் கலவை காற்று மிகுந்ததாகிவிடுகிறது. முன்பு சரியாக இருந்த H திருகு இன்று போதாமல் இருக்கலாம். எத்தனால் கலவாத பெட்ரோல் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வேண்டிய அளவு மட்டும் வாங்கி, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுங்கள். பார்சலுக்குத் தேதிச் சீட்டு ஒட்டுவதுபோல இப்பொழுது பெட்ரோல் கேனுக்கும் ஒட்டிவைக்கிறேன். ரம்பத்தை எடுத்துவைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விழுந்த கிளையை வழிக்காக அறுப்பது வேறு. நிற்கும் மரத்தில் கைவைப்பது வேறு. இம்மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும்.

ரம்பம் நின்றுபோன அந்த இரவுக்குப் பிறகு எல்லாரும், “யந்திரம் மட்டமானது, உங்கள் மேல் தவறில்லை” என்று என்னைத் தேற்றினார்கள். நானும் மௌனமாக இருந்துவிட்டேன். பழுதுபார்த்த செலவைச் சங்க நிதியிலிருந்தே கொடுத்தார்கள். யந்திரம் மட்டமானதன்று, அதன் திருகை அறியாமல் திருகிய கை என்னுடையது. அந்தத் தொகையைச் சென்ற மாதம் பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றுக்கொண்டேன். பெரியவர் இவ்விதழைத் தவறாமல் படிப்பவர். நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்பக்கத்தின் வழியாக அவரிடமும் அம்மையாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ரம்பத்துடன் இப்பொழுது ஒரு நோட்டும் இருக்கிறது. யார் எடுத்தாலும் தேதி, ஊற்றிய கலவை, திருகுகளின் சுற்று ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டுகிறேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘கரகரத்தால் நலம்’ என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த இதழில் சங்கிலியின் பற்களை அரத்தால் தீட்டும் முறையைப் பார்ப்போம்.